கீழேயிருந்து மூன்றாவது வரி

பாப்பா,

நீ சொன்னபடி எஸ்தருக்குக் கல்யாணப் பத்திரிகை கொடுத்துவிட்டேன். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு வேலூரில் பஸ் ஏறி, ஆம்பூரில் இறங்கி, வீட்டைத் தேடிப் பிடித்து, அவள் கையிலேயே கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். உன் பெயர் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தாள். நீ தெரிந்துகொள்ள நினைத்தது இவ்வளவுதான் என்றால் ஒரு கார்டே போதும், இத்தனை தாளை நான் எடுத்திருக்க வேண்டாம். உன் அம்மா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "எழுதியாச்சா?" என்று இதோடு மூன்று தரம் கேட்டுவிட்டாள். இதை எழுதி முடித்தால்தான் இன்றைக்குச் சோறு என்று சொல்லியிருக்கிறாள். பதினைந்து வருஷமாக வாயால் சொல்லிப் பார்த்து அலுத்துப் போனவள், இப்போது சோற்றை வைத்து மிரட்டுகிறாள்.

கல்யாணத்துக்கு ஐந்து வாரம் இருக்கும்போது ஒரு அப்பா மகளுக்கு எழுதும் கடிதத்தில் என்னென்ன இருக்கும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மாமியார் மனம் கோணாமல் நடந்துகொள், கோபத்தைக் குறைத்துக்கொள், ஜெபிக்க மறக்காதே. அந்த மாதிரிப் புத்திமதிகளை முப்பது வருஷமாக ஈய எழுத்தில் கோத்துக் கோத்து என் விரல் நுனியே கறுத்துப் போயிருக்கிறது. எனக்கு அதைச் சொல்லத் தகுதி இருக்கிறதா என்பதை, இதைப் படித்துவிட்டு நீயே சொல். உனக்குத் தெரிந்த கதையிலிருந்துதான் ஆரம்பிக்கிறேன். அங்கிருந்து வந்தால்தான் தெரியாத கதையைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

நாம் ஆம்பூரில் இருந்தபோது, நான் கம்பாசிட்டராக வேலை பார்த்த பிரஸ்ஸுக்கு ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா வருவார்கள், நினைவிருக்கிறதா? கையில் குடை, கக்கத்தில் நோட்டு. பிள்ளைகளுக்குக் கதை எழுதுவார்கள். வருஷத்துக்கு ஒரு புத்தகம், முப்பத்திரண்டு பக்கம். கதை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் கடைசிப் பக்கத்தில் அருஞ்சொற்பொருள் என்று ஒரு பட்டியல் போடாவிட்டால் அவர்களுக்குத் தூக்கம் வராது. கானகம் – காடு. ஐயம் – சந்தேகம். பாதிப் பிள்ளைகளுக்குச் சந்தேகம் என்ற சொல்லுக்கே பொருள் தெரியாது என்று முதலாளி முணுமுணுப்பார். முதல் புத்தகத்தில் அந்தக் கடைசிப் பக்கம் மூன்று வரி குறைந்துவிட்டது. அடியில் வெள்ளையாகக் கிடந்தால் முதலாளிக்குப் பிடிக்காது. "இன்னாத்தயாவது போட்டு ரொப்புய்யா" என்றார். நான் விளையாட்டாக, "மௌனம் – வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்த உடனே எல்லாப் பிள்ளைகளிடமும் காணப்படுவது" என்று கோத்துவிட்டேன். அந்த டம்ளரை உடைத்தவள் நீதான்.

டீச்சரம்மா புத்தகத்தைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்கள். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்கள். பிள்ளைகள் கதையை விட்டுவிட்டுக் கடைசிப் பக்கத்தைத்தான் முதலில் படிக்கிறதுகள் என்று சொன்னார்கள், சொல்லும்போது அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்தப் பக்கத்தை எனக்கே விட்டுவிட்டார்கள். தியாகம் – தனக்குப் பிடிக்காத பாகற்காயை எடுத்துத் தம்பி தட்டில் வைப்பது. நெரிசல் – பஸ்ஸில் நிற்பவர் கண்ணுக்குத் தெரிவது, கண்டக்டர் கண்ணுக்குத் தெரியாதது. ஐயம் – கணக்கு வாத்தியார் கேட்கும்போது மட்டும் யாருக்கும் இல்லாதது. கானகம் – அமிர்தி அருவிக்கு டூர் போனால் டீச்சர் உள்ளே விடாத இடம். இதையெல்லாம் எழுதுவது உன் அப்பாதான் என்பது ஊரில் நம் மூவரையும் முதலாளியையும் டீச்சரம்மாவையும் தவிர யாருக்கும் தெரியாது. அந்த ரகசியத்தை நீ காப்பாற்றிய விதம் இருக்கிறதே! பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சிரிக்கும்போது நீ மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாயாம். எஸ்தரிடம்கூடச் சொல்லவில்லை என்று என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாய்.

நீ சத்தியத்தைக் காப்பாற்றினாய். அதுதான் பாப்பா, இத்தனை வருஷம் உனக்கே வினையாகப் போனது.

ஐந்தாம் வகுப்பில் நீயும் எஸ்தரும் ஒரே பெஞ்சு. சாயங்காலம் பாதி நாள் அவள் வீட்டில்தான் இருப்பாய். அவள் அப்பா ஏசுபாதம் டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்தார். இடுப்பளவு சுண்ணாம்புத் தண்ணீரில் இறங்கித் தோலைப் புரட்டிப் போடுகிற வேலை. ஒருநாள் ராத்திரி சாப்பிடும்போது நீ சொன்னாய்: "அவங்கப்பா தெருமுனையில வரும்போதே வாடை வூட்டுக்குள்ள வந்து குந்திக்குதுப்பா. நானும் எஸ்தரும் சிரிச்சிக்கினே கெடந்தோம். 'வந்துட்டாருடி எங்கப்பா'ன்னு அவளே மூக்கப் பிடிச்சிக்கினு சொல்றா." உன் அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பில் தப்பு ஒன்றும் இல்லை. அப்பாவைப் பிடித்த ஒரு பிள்ளை அப்பாவைக் கேலி செய்கிறது, தோழி கூடச் சேர்ந்து சிரிக்கிறாள். அங்கேயே அது முடிந்திருக்க வேண்டும்.

மறுநாள் டீச்சரம்மாவின் நான்காவது புத்தகம் மிஷின் ஏற வேண்டியிருந்தது. புரூஃப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் அந்தக் கடைசிப் பக்கத்தை அளந்து பார்த்தால் மறுபடி மூன்று வரி குறைகிறது. கையெழுத்து விழுந்த புரூஃபில் ஒரு கமாவைக்கூட மாற்றக் கூடாது என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். முதலாளி அவசரப்படுத்தினார், எனக்கும் புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. கதையில் ஒரு பூதத்தின் குகை வரும், அங்கே துர்நாற்றம் என்ற சொல் இருந்தது. கை தானாக எழுத்துகளைப் பொறுக்கியது. "துர்நாற்றம் – டேனரி அப்பா தெருமுனையில் வரும்போதே வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வது." கீழேயிருந்து மூன்றாவது வரி. ஊரில் பாதிப் பேர் டேனரிச் சோறு சாப்பிடுகிற ஆம்பூரில் உட்கார்ந்துகொண்டு இதைக் கோத்தேன். அதற்குக் கீழே பழைய புத்தகத்து வரி இரண்டைப் போட்டு, பக்கம் ரொம்பிவிட்டது என்று டீ குடிக்கப் போனேன்.

அவசரம், மறதி என்று எதை எதையோ இத்தனை வருஷம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தக் கடிதத்திலாவது உண்மையைச் சொல்கிறேன். ஏசுபாதமும் நாமும் ஒரே சபை, ஒரே அப்பத்தைப் பிட்டுச் சாப்பிட்டவர்கள். ஆனாலும் உன்னை அழைத்துவர அவர் வீட்டுக்குப் போகும் ஒவ்வொரு தடவையும், அவர் நீட்டும் தண்ணீரைக் குடிக்காமல் இருக்க எனக்கு ஒரு சாக்கு இருந்தது. இப்பதான் குடிச்சேன் என்பேன், பிரஸ்ஸுக்கு நேரமாச்சு என்பேன். அவர் அதை நம்புவதுபோலத் தலையாட்டுவார். அந்த வரியைக் கோத்த விரலும் தண்ணீர் வாங்காத விரலும் ஒன்றுதான்.

புத்தகம் வந்ததும் டீச்சரம்மா உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று இனாமாகக் கொடுத்து, தானே படித்துக் காட்டப் போனார்கள். அந்த வாரம் உனக்குத் தட்டம்மை போட்டு வீட்டில் படுத்திருந்தாய். கதை முடிந்து கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு வரிக்கும் கைதட்டிச் சிரிக்க, அவர்களும் அந்த உற்சாகத்தில் அந்த வரியையும் படித்துவிட்டார்கள். வகுப்பே திரும்பி எஸ்தரைப் பார்த்ததாம். ஒரு பையன் மூக்கைப் பிடித்தான், அப்புறம் எல்லோரும் பிடித்தார்கள். அடுத்த நாளும் பிடித்தார்கள். மூன்றாம் நாள் அவள் வரவில்லை. அதற்குப் பிறகு வரவே இல்லை.

டீச்சரம்மா குடையும் கையுமாக பிரஸ்ஸுக்கு வந்து, அந்தப் பக்கத்தை என் முன்னால் விரித்து வைத்தார்கள். "இது யாருன்னு தெரிஞ்சு போட்டீங்களா, தெரியாம போட்டீங்களா?" என்று கேட்டார்கள். "தெரியாதும்மா, பொதுவாப் போட்டது" என்றேன். அவர்கள் விற்காத பிரதிகளையெல்லாம் திரும்ப வாங்கி, அந்தப் பக்கத்தை மாற்றி அடிக்கச் சொன்னார்கள். துர்நாற்றம் – கெட்ட வாடை. நம் வீட்டில் இருப்பது அந்தப் பிரதிதான். "ஏம்பா இது மட்டும் சப்புனு இருக்குது?" என்று நீ கேட்டாய். "எல்லாத்துக்கும் சிரிக்க முடியுமா?" என்று அதட்டினேன். அதோடு அருஞ்சொற்பொருள் எழுதுவதையும் விட்டேன், முதலாளி வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக உன்னிடம் பொய் சொன்னேன். நீ இரண்டு நாள் முகம் கொடுக்காமல் திரிந்தாய். டீச்சரம்மா வகுப்பில் கொடுத்த பிரதிகளையும் திரும்ப வாங்கி, இனி யாரும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளைக் கண்டித்தார்கள். எஸ்தர் வீட்டுக்கு இரண்டு தடவை போய்க் கூப்பிட்டுப் பார்த்தார்கள். கம்பாசிட்டர் செய்த வேலை என்று யாரிடமும் சொல்லாமல், பழியைத் தன் மேலேயே போட்டுக்கொண்டார்கள்.

உடம்பு தேறி நீ பள்ளிக்கூடம் போன அன்றைக்கே வந்து கேட்டாய்: "எஸ்தர் ஏம்பா வர்றதில்ல?" அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அவங்கப்பா படிச்சது போதும்னு நிறுத்திட்டாராம்மா." என் தப்பையும் தூக்கி அந்த மனிதர் தலையில் வைத்தேன். நீ ஓடிப்போய் அவள் வீட்டுக் கதவைத் தட்டினாய். உள்ளே இருந்துகொண்டே அவள் திறக்கவில்லை. அழுதுகொண்டு வந்தாய். நான் என்ன செய்தேன் என்று கேட்டுக் கேட்டு அழுதாய். உன் அம்மா என்னை முறைத்தாள். நான் பேப்பரை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன். பாப்பா, நீ ஒன்றுமே செய்யவில்லை. உன் கேள்விக்குப் பதில் இது. பதினைந்து வருஷம் தாமதமாக வருகிறது.

அவள் அப்பா மோசமான ஆள் என்று நீ எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறாய். டீச்சர் டிரெயினிங் முடித்துத் திருப்பத்தூரில் வேலைக்குச் சேர்ந்த அன்றுகூட, பெண்பிள்ளையைப் படிப்பிலிருந்து நிறுத்தும் அப்பன்களைச் சும்மா விடமாட்டேன் என்று சொல்லி, ஏசுபாதத்தைத்தான் உதாரணம் காட்டினாய். நான் அப்போதும் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

இனி போன ஞாயிறு நடந்ததைச் சொல்கிறேன். எஸ்தர் இப்போது ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். வீட்டுக்காரர் லாரியில் போயிருந்தார். ஐந்து வயதில் ஒரு பையன், ஜூன் மாதம் ஒன்றாம் வகுப்பு. அப்பாவைத் தன்னோடுதான் வைத்திருக்கிறாள். ஏசுபாதம் எழுந்து நிற்கவே மூச்சு வாங்குகிறது. காலில் முழங்கால்வரை தோல் வெந்து வெளுத்துக் கிடக்கிறது. "வாங்க கம்பாசிட்டர் சார், குந்துங்க. பாப்பாவுக்குக் கல்யாணமா! எம்மாம் சந்தோசம்!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். எஸ்தர் டீ கொடுத்தாள். வாங்கிக் குடித்தேன். நான் குடிப்பதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பிறகு பெரியவருக்கு என்னமோ நினைவு வந்து, "சார், நீங்க அச்சு வேலை. ஒங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்று டிரங்குப் பெட்டியை இழுத்தார். "இப்ப எதுக்குப்பா?" என்று எஸ்தர் தடுத்தாள், அவர் கேட்கவில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்த ஒரு புத்தகம். அட்டையைப் பார்த்ததுமே டீச்சரம்மாவின் நான்காவது புத்தகம் என்று தெரிந்துவிட்டது. அடையாளத்துக்கு மெல்லிய தோல் துண்டு ஒன்றை வைத்திருந்தார். அந்த இடத்தில் பிரித்து, எழுத்து தெரியாத அந்த மனிதர் ஒரு வரியின்மேல் சரியாக விரலை வைத்தார். கீழேயிருந்து மூன்றாவது வரி. "டீச்சரம்மா எம் பேரப் போட்டு எழுதியிருக்காங்க சார். நம்ம தொழிலப் பத்தி. எம் பொண்ணு சின்னதா இருக்க சொல்ல படிச்சிக் காட்டுச்சி. வேற யாரையும் படிக்க வுடமாட்டா, அவளேதான் படிப்பா. இன்னிக்கு நீங்க படிங்க சார், வேற வாயால கேக்கணும்னு ஆசை."

நான் கோத்த வரி, நான் பொறுக்கிய எழுத்து, அவர் விரலுக்கு அடியில் இருந்தது. "கண்ணாடி கொண்டாரல" என்றேன். கண்ணாடி சட்டைப்பையில் துருத்திக்கொண்டு இருந்தது. எஸ்தர் அதைப் பார்த்தாள். புத்தகத்தின் பக்கம் திரும்பாமலே, பாட்டுப் படிப்பதுபோல ஒப்பித்தாள்: "தோல் – செத்த மாட்டுக்குச் சொந்தம். ஏசுபாதம் கை பட்டால் எழுந்து சீமைக்கே நடந்து போகும்."

"சீமைக்கே நடந்து போவுமாம் சார்!" என்று பெரியவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரித்தார். பேரனை இழுத்து மடியில் உட்காரவைத்துக்கொண்டு, "இவன் இஸ்கூல்ல சேந்து எழுத்து கத்துக்கினதும், மொத மொதல்ல இதத்தான் படிக்கச் சொல்லப் போறேன்" என்றார். எஸ்தர் டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

பஸ் ஸ்டாப்வரை கூட வந்தாள். நான் கேட்காமலே சொன்னாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டு வந்து புத்தகத்தை விசிறி அடித்தாளாம். அதில் என்ன போட்டிருக்கிறது, ஏன் அழுகிறாய் என்று அப்பா விடாமல் கேட்டாராம். பத்து வயதுப் பெண், நின்ற இடத்தில், அழுகையை நிறுத்திவிட்டு ஒரு பொருளை உண்டாக்கிச் சொல்லியிருக்கிறாள். உங்க பேரு வந்திருக்குது, அந்த சந்தோசத்துல அழுதேன் என்று சொல்லியிருக்கிறாள். படிப்பு ஏறவில்லை என்று பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டதும் அதே அப்பாவுக்காகத்தான். தினம் மூக்கைப் பிடித்துக்கொண்டு வரும் பிள்ளைகள், ஒருநாள் இல்லாவிட்டால் ஒருநாள் அவர் காதில் போட்டுவிடுவார்கள் என்ற பயம். "அந்தப் பக்கத்தக் கிழிச்சிருக்கலாமே" என்றேன். "அதத் தெனம் எடுத்துத் தொட்டுப் பாக்குறாரு சார். எப்படிக் கிழிக்கறது? இப்ப பையன் வேற படிக்கப் போறான்" என்றாள்.

பாப்பா, நான் நாலு புத்தகத்துக்கு அருஞ்சொற்பொருள் எழுதி, பெரிய வேடிக்கைக்காரன் என்று எனக்கு நானே முதுகைத் தட்டிக்கொண்டவன். அவள் சொன்ன பொருளுக்கு முன்னால் என்னுடையது ஒன்றும் நிற்காது. நான் சிரிக்கவைக்க ஒரு மனிதரை எடுத்துக்கொண்டேன். அவள் அதே மனிதரைக் காப்பாற்றச் சிரிக்கவைத்தாள். உனக்குச் சொல்ல என்னிடம் இருக்கும் ஒரே புத்திமதி இதுதான். நாளைக்கு உன் வீட்டிலும் பிள்ளைகள் வேடிக்கையாக ஏதாவது சொல்லும். அதை எடுத்து வெளியே சொல்வதற்கு முன்னால், அதில் யார் இருக்கிறார்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள். தப்பு நடந்துவிட்டால் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடு. ஆறப்போட்டால் அதுவாக ஆறிவிடும் என்று நினைத்துத்தான் நான் கெட்டேன்.

அன்றைக்கு பஸ் வருவதற்கு முன்னால் எஸ்தர் கடைசியாக ஒன்று சொன்னாள். "பாப்பா மேல எனக்குக் கோவம் ஒண்ணும் இல்லன்னு சொல்லிடுங்க சார். நாங்க ரெண்டு பேரும் சிரிச்ச சிரிப்பு அது. அதப் போயி டீச்சர்கிட்ட சொல்லிட்டாளேன்னுதான் அப்ப கதவத் தொறக்கல. சின்னப் புள்ள, தெரியாம சொல்லிட்டா. எப்பவோ மன்னிச்சிட்டேன்." நீ செய்யாத குற்றத்துக்கு அவள் உன்னை மன்னித்துவிட்டாள். செய்த நான் பக்கத்தில் குடையை ஊன்றிக்கொண்டு நின்றேன். நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன், பஸ் வந்தது, ஏறிவிட்டேன். மாதனூர் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னபோது, அவள் என்னைத் திட்டக்கூட இல்லை. பேனாவைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள்.

இந்த உறைக்குள் ஒரு துண்டுத் தாள் வைத்திருக்கிறேன். பழைய புத்தகத்தில் இருக்கும் அதே எழுத்து இந்த வேலூர் பிரஸ்ஸிலும் ஒரு பெட்டி கிடக்கிறது. நேற்று மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனபோது எஸ்தர் சொன்னதை அப்படியே கோத்தேன். ஒரு வரியில் அடங்கமாட்டேன் என்றது. சொற்களுக்கு நடுவே இடைவெளியைக் குறைத்துக் குறைத்து அடக்கிவிட்டேன். பழைய தாளின் நிறத்துக்கு வரட்டும் என்று டீத்தண்ணீரில் தோய்த்துக் காயவைத்திருக்கிறேன். கீழேயிருந்து மூன்றாவது வரிமேல் ஒட்டினால் சரியாக உட்காரும். கோந்து வேண்டாம், தாள் சுருங்கிவிடும், அம்மாவை மைதாப் பசை காய்ச்சச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒட்டுவதா வேண்டாமா என்று சொல்ல வேண்டியவள் எஸ்தர். நானாக இன்னொரு தடவை அந்தப் பக்கத்தில் கைவைக்க மாட்டேன்.

வருகிற சனிக்கிழமை நீ ஊருக்கு வரும்போது அந்தத் துண்டை எடுத்து வா. மறுநாள் என்னோடு ஆம்பூருக்கு வருவாயா? தெருமுனையில் அவளைத் தனியாக நிறுத்தி நான் சொல்லிவிடுகிறேன், நீ பக்கத்தில் நின்றால் போதும். அதற்குப் பிறகு அவள் உன் கல்யாணத்துக்கு வராவிட்டால், அது என்னால்தான், உன்னால் அல்ல என்று தெரிந்துகொள். என்னோடு வர உனக்கு மனம் இல்லை என்றாலும் சரி, கோபித்துக்கொள்ள உனக்கு எல்லா நியாயமும் இருக்கிறது. நான் மட்டும் போவேன். இந்தத் தடவை பஸ் வந்தாலும் ஏறமாட்டேன். எஸ்தர் சம்மதித்து, அந்தத் துண்டை ஒட்டியும் கொடுத்துவிட்டால், பெரியவர் பக்கத்தில் போய் உட்காருவேன். புத்தகத்தை நீட்டி மறுபடி "படிங்க சார்" என்று அவர் கேட்டால், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு படிக்கிறேன்.

உன் அப்பா